கீரிமலைக் கேணியும் கடல்மேல் மிதக்கும் நன்னீரும்

கீரிமலை என்னும் பெயரில் மலை உண்டு. ஊரில் மலை இல்லை. கடலோரத்திலே சில அடி உயர்ந்து நிற்கும் சுண்ணாம்புக்கற் கரையையே நம் முன்னோர் மலை என்றனர் போலும். மேடென்பதே அரிதாகிய யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதுவும் மலையே. நகுல முனிவர் இவ்வூற்றில் நீராடிக் கீரிமுகம் நீங்கப்பெற்றார் என்பதும், சோழவரசன் மகள் மாருதப்புரவீகவல்லி குதிரைமுகம் நீங்கப்பெற்றாள் என்பதும், அதனால் அயலூர் மாவிட்டபுரம் எனப் பெயர் பெற்றது என்பதும் எல்லோரும் அறிந்த வரலாறுகள். அவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. கேணியின் மதிலுக்கு அப்பால் கடலலை மோதிக்கொண்டிருக்க, இப்பால் மக்கள் நன்னீரிலே தலைமுழுகுகின்றனர். அந்நீர் எங்கிருந்து வருகின்றது, அருகே கிடக்கும் கடல் அதனை ஏன் விழுங்கிவிடவில்லை என்னும் வினாக்களையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். வகுப்பிலே இவ்வினாவை எழுப்பினால், “நிலத்தின்கீழ் ஆறு ஓடுகின்றது” என்று மாணவர் பலரும் ஒரே குரலில் விடை சொல்வர். அவ்விடை முழுப் பிழையுமன்று, முழுச் சரியுமன்று. எவ்வளவு சரி என்பதைக் காண்பதற்குக் கல்லிலிருந்து தொடங்கவேண்டும்.

குடாநாட்டின் அடித்தளமாய்க் கிடப்பது சுண்ணாம்புக்கல். நிலநூலார் மயோசீன் என்று பெயரிட்ட காலத்திலே, அதாவது ஏறக்குறைய 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலப்பகுதியிலே, இந்நிலம் ஆழங்குறைந்த வெப்பக் கடலின் அடியிற் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பி, நத்தை, முருகைப் பூச்சி முதலியனவும், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் கடல்நீரிலே கரைந்திருந்த சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தமக்கு ஓடு சமைத்துக்கொண்டன. இறந்தபின் அவ்வோடுகள் அடியிலே படிந்து, ஒன்றன்மேலொன்றாய் அழுந்திக் கல்லாயின. ஆகவே நம்முடைய வீட்டு மதிலும் கிணற்றுக் கட்டும் விலங்குகளின் புதைகுழிகளே என்றால் மிகையன்று. ஐயமுடையோர் கிணறு வெட்டிய இடத்திற் குவிந்துகிடக்கும் கற்களைப் புரட்டிப் பார்ப்பாராக. சிப்பியின் வரிகள் அச்சடித்தாற்போலத் தெளிவாக அமைந்திருக்கும் ஒரு கல்லேனும் கைக்கு அகப்படும்.

இக்கல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு. அமிலத்துக்கு அது ஆற்றாது. மழைநீர் வானத்திலிருந்து விழும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிது கரைத்துக்கொள்கின்றது. மண்ணுள் இறங்கும்போது வேர்களும் மண்ணுயிர்களும் வெளிவிடும் அவ்வாயுவை இன்னும் பன்மடங்கு ஏற்றுக்கொண்டு மென்மையான காபோனிக்கமிலமாகின்றது. அவ்வமிலம் கல்லிலுள்ள கல்சியங் காபனேற்றை நீரிற் கரையத்தக்க இருகாபனேற்றாக மாற்றி எடுத்துச் சென்றுவிடும். இதன் மறுதலையை நம் இல்லங்களிலே நாள்தோறும் காணலாம். கேத்தலில் நீரைக் கொதிக்க வைக்க, வாயு வெளியேறக் கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிக் கேத்தலின் உட்புறத்தில் வெண்தோலாய்ப் படிகின்றது. தாய்மார் அதனைச் சுரண்டியெறியும்போது, மயோசீன் காலத்துச் சிப்பியையே சுரண்டுகின்றனர் என்று மாணவர்க்குச் சொல்வதுண்டு, சிரிப்பர், ஆனால் மறக்கமாட்டார்.

மழை இவ்வாறு கரைத்துக்கொண்டே இருந்தமையால் வெடிப்புகள் விரிந்து குழாய்களாயின, குழாய்கள் குகைகளாயின, கூரை தாங்காத குகைகள் இடிந்து குழிகளாயின. புத்தூருக்கு அணித்தாக நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு மனிதர் வெட்டியதன்று. கூரை இடிந்த குகையே அது. சுலோவீனியா நாட்டிலே இத்தகைய நிலவமைப்பு மிகுந்த காசுற்று மேட்டுநிலத்தின் பெயரையே உலகெங்கும் இவ்வகை நிலத்துக்கு இட்டு வழங்குகின்றனர். இங்ஙனம் கல் கரைந்தபின் கரையாது எஞ்சிய களியும் இரும்புத் துருவுமே வலிகாமத்தின் செம்பாட்டு மண் எனக் கருதும் நிலநூலாரும் உளர். அவர் கொள்கை மெய்யாயின், ஓரடிச் செம்மண்ணுக்கு எத்தனை அடிக் கல் கரைந்திருத்தல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கல்லுக்குள் வழி இருக்கின்றது. அவ்வழியில் மழைநீர் இறங்குகின்றது. ஆனால் குடாநாடு மூன்று பக்கமும் கடலும் உள்ளே கடனீரேரிகளும் சூழ்ந்த நிலம். இறங்கிய நீர் அடியிலுள்ள கடல்நீரோடு கலந்து உவராகிப் போகாமல் எவ்வாறு நிலைக்கின்றது? இவ்விடத்திலேதான் இயற்கையின் வியப்பான ஏற்பாடொன்று உளது. கடல்நீர் நன்னீரினும் நிறை கூடியது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.025. ஆகவே நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கும். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு நன்கு உப்புக் கரைத்துச் சாயமூட்டிய நீரை விட்டு, அதன்மேல் ஒரு கரண்டியின் முதுகிலே படும்படி நன்னீரை மெல்ல மெல்ல வார்த்துப் பாருங்கள். இரண்டும் தனித்தனி அடுக்காய் நிற்கும். குலுக்கினாலன்றிக் கலப்பது மிக மெதுவாகவே நிகழும். குவளையில் நிகழ்வதே குடாநாட்டின் கீழும் நிகழ்கின்றது. கல்லின் புரைகளுக்குள் நீர் அசைவது மிக மெதுவாதலின் கலப்பும் அங்கே குறைவு.

மிதக்கும் பொருள் எவ்வளவு அமிழ்ந்திருக்கும் என்பது அடர்த்தியைக் கொண்டு அறியத்தக்கது. கணக்கு மிக எளிது: 40 அடிக் கடல்நீரின் நிறையும் 41 அடி நன்னீரின் நிறையும் ஒன்றே. எனவே நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நிற்குமாயின், அதற்குக் கீழே நாற்பதடி நன்னீர் அமிழ்ந்து நிற்கும். நடுநிலத்தில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும் இருத்தலின் இதனை நன்னீர் வில்லை என்பர். ஒல்லாந்தப் படைப்பொறியியலாளராகிய பாடோன் கைபன் 1880களின் இறுதியிலும், செருமானியராகிய எர்ட்சுபெர்க்கு 1901இலும் ஒருவரை ஒருவர் சாராமலே இவ்விதியைக் கூறினர். ஒல்லாந்தர் நம் நாட்டை ஆண்டபோது இதனை அறிந்திருந்தாரல்லர். ஆளுகை போய் ஏறக்குறைய நூறாண்டின் பின்னரே தம் நாட்டுக் கடலோர மணலில் இதனைக் கண்டனர். ஆயினும் இவ்விதியை மந்திரம்போலக் கொள்ளுதல் ஆகாது. நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையே கத்தியால் வெட்டியது போன்ற எல்லை கிடையாது. இரண்டும் கலந்த ஓர் இடைவலயம் உண்டு. பெருங்குழாய்கள் உள்ள கல்லில் அவ்வலயம் இன்னும் ஒழுங்கற்றது.

இனிக் கேணிக்கு வருவோம். குடாநாட்டின் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிவரை வடகீழ்ப் பருவக்காற்றால் வருவது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 50 அங்குலம் என்று கொண்டால், ஒரு பரப்புத் தோட்டக்காணியில் விழும் நீர் எழுபதினாயிரங் கலனாகும். அதில் ஒரு பகுதி வெயிலுக்கும் ஒரு பகுதி பயிருக்கும் ஒரு பகுதி வழிந்தோடிக் கடலுக்கும் போக, எஞ்சியது வில்லையைத் தடிக்கச் செய்கின்றது. நடுவிலே மட்டம் உயர்ந்தால் நீர் ஓரங்களை நோக்கி நகரும். ஓரத்திலே கல்வெடிப்பு எங்கே வாய் திறந்திருக்கின்றதோ அங்கே ஊற்றெடுக்கும். கீரிமலை அத்தகைய வாய். மாணவர் கூறும் “நிலத்தடி ஆறு” காவிரிபோற் கரையிட்டு ஓடும் ஆறன்று. ஆயிரக்கணக்கான வெடிப்புகளிலும் குழாய்களிலும் பரவி, முழு நிலத்தின் அடியிலும் கசிந்து நகரும் நீர்த்திரள். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியிலே கடனீரேரியைச் சேரும் வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டும் உயிர்பெறும். இந்த மறைமுக ஆறோ கோடையிலும் நகர்ந்துகொண்டே இருக்கின்றது.

கேணியின் நீரை ஊன்றிச் சுவைப்பார்க்கு நாவிலே சிறிது உவர்ப்புத் தட்டும். நன்னீர் வில்லை கரையோரத்தில் மெலிந்து, கடலோடு கலக்கும் இடம் அதுவன்றோ? நீரின் வெப்பநிலையும் கவனிக்கத்தக்கது. மார்கழி விடியற்காலையில் இறங்குவோர் நீர் வெதுவெதுப்பாயிருக்கின்றது என்பர். சித்திரை நடுப்பகலில் இறங்குவோர் குளிர்கின்றது என்பர். நீர் மாறுவதில்லை, நிலத்துள்ளே நெடுங்காலம் தங்கிய நீர் ஆண்டின் சராசரி வெப்பநிலையிலேயே ஏறக்குறைய நிற்கும். மாறுவது காற்றும் நம் உடம்புமே.

நிலாவரையையும் கீரிமலையையும் இணைத்து வழங்கும் கதை ஒன்று உண்டு. நிலாவரைக் கிணற்றில் இட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியிலே மிதந்து வந்ததாம். கதையைச் சொல்வோர் பலர். காயைக் கண்டவரை நான் கண்டிலேன். தேசிக்காய் மிதக்கும் பொருள். அது கிணற்றின் மேற்பரப்பிலேயே கிடக்கும். நீர் வெளியேறும் வழியோ அடியில். அன்றியும் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழம் செல்லச் செல்ல உவர்நீரும் இருத்தலை அளந்து கண்டுள்ளனர். காய் கீழிறங்கிப் பயணஞ் செய்தது என்றால் உவரில் அன்றோ இறங்கியிருக்க வேண்டும்! எனினும் கதையின் கருத்து நகைக்கத்தக்கதன்று. ஓரிடத்திலே மறையும் நீர் வேறோரிடத்திலே தோன்றுகின்றதா என்பதைப் பொருளொன்றை இட்டு அறிதல் அறிவியலார் கைக்கொள்ளும் முறையே. செருமனியிலே தன்யூபு ஆறு இம்மெண்டிங்கன் என்னுமிடத்தில் சுண்ணாம்புக்கற் படுகையுள் மறைந்துவிடுவதுண்டு. 1877ஆம் ஆண்டு அங்கே பத்துக் கிலோ சாயத்தை இட்டனர். ஏறக்குறைய அறுபது மணி நேரத்தின் பின், பன்னிரண்டு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஆக்கு ஊற்று ஒளிவிடும் பச்சை நிறமாய்ப் பொங்கியது. ஆக்கு நீர் இரைன் ஆற்றைச் சேர்வது; ஆகவே கருங்கடலுக்குச் செல்லவேண்டிய தன்யூபு நீர் வடகடலுக்குச் செல்கின்றது என்பது அன்று உறுதியாயிற்று. நம் தேசிக்காய்க்கும் அந்தச் சாயத்துக்கும் நோக்கம் ஒன்றே. கருவி மட்டும் வேறு.

நிலாவரை பற்றி இன்னொரு வினாவும் எழும். கடல் மட்டத்துக்குக் கீழே நூறடிக்கு மேலும் இறங்கும் குகை எவ்வாறு குடையப்பட்டது? மழைநீர் வில்லையின் மேற்பகுதியிலன்றோ கரைக்கும்? இதற்கு விடை கூறுவது பனிக்காலம். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் வடநிலங்களில் நீர் பனிக்கட்டியாய்த் தேங்கிநிற்க, கடல் மட்டம் இன்றையினும் ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் ஆழமோ பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைவு. ஆகவே அன்று நீரிணையே இல்லை. கீரிமலையிலிருந்து கோடியக்கரைவரை தரையாய்க் கிடந்தது. இத்தகைய தாழ்வு அதற்கு முன்னும் பலமுறை நிகழ்ந்துளது. கடல் தாழ நிலத்தடி நீரும் தாழ்ந்தது. நீர் ஆழத்திலே குடைந்தது. கடல் மீள உயர்ந்தபோது குடைந்த குகைகள் நீருள் மூழ்கின.

சுவிசு நாட்டு அறிஞர் ஆல்பிரடு போக்லி 1964இல் விளக்கிய ஒரு வியப்பையும் இங்கே சேர்த்தல் தகும். இதற்குமேற் சுண்ணாம்பைக் கரைக்கமாட்டாது என்னும் அளவுக்கு நிறைந்துவிட்ட இருவேறு நீர்களை ஒன்றாய்க் கலந்தால், கலவை மீண்டும் சுண்ணாம்பைக் கரைக்கும் ஆற்றலைப் பெறலாம். வயிறு நிரம்பிய இருவர் சேர்ந்தவுடன் பசி எடுப்பது போன்றது இது! நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இடைவலயத்திலும் இவ்வாறே நிகழ்தலின், கடலோரச் சுண்ணாம்பு நிலங்களிலே குகைகள் மிகுதி. நடு அமெரிக்காவிலே யூக்கற்றான் தீபகற்பத்தின் வடபகுதி நம் குடாநாட்டைப் போலவே மேல் ஆறு இல்லாத சுண்ணாம்பு நிலம். அங்கும் கூரை இடிந்த குகைக்கிணறுகள் நிறைய உள. மாயா மக்கள் அவற்றை நம்பியே நகரமைத்து வாழ்ந்தனர். அவற்றைத் தெய்வத்தன்மை உடையனவாயும் போற்றினர்.

நன்னீர் கரையோடு நின்றுவிடுவதுமில்லை. சில இடங்களில் கடலடியிலேயே ஊற்றெடுக்கும். சிரியக் கரைக்கு அப்பாலுள்ள ஆராடசுத் தீவினர் போர்க்காலத்தில் கடலடி ஊற்றின்மேல் ஈயப் புனலைக் கவிழ்த்து, தோற்குழாய் வழியே நன்னீர் எடுத்தனர் என்று கிரேக்கராகிய சிதிராபோ எழுதிவைத்துள்ளார். பாரெயின் கடலில் முத்துக்குளிப்போர் தோற்பையோடு மூழ்கிக் கடலடியிலிருந்து குடிநீர் கொண்டுவந்தனர்.

கடலின் வற்றும் பெருக்கும் கரையோர நிலத்தடி நீரை அசைப்பதுண்டு. 1845 முதல் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமேசன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட தம் நூலிலே, கடலினின்றும் விலகிய புத்தூர்க் கிணற்றின் நீர் நாளுக்கு இருமுறை சில அங்குலம் ஏறி இறங்குவதைக் குறித்துள்ளார். கடலோடு கல்வழித் தொடர்பு உண்டு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா. அதே தொடர்புதான் நமக்கு அச்சத்துக்கும் காரணம்.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் ஒரு கிணற்றிலிருந்து எடுக்கத்தக்க நீருக்கு மனிதர் காலே எல்லை. மிதிப்பவர் களைத்தால் கிணறு ஊறும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் நீரிறைக்கும் இயந்திரம் பரவியது. அதற்குக் களைப்பு இல்லை. உழைப்பின் கொடுமையை அது நீக்கியது. அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் கைபன் காட்டிய கணக்கு இருபுறமும் வெட்டுவது. மட்டம் ஓரடி ஏறினால் நாற்பதடி நன்னீர் என்றால், மட்டம் ஓரடி தாழ்ந்து அங்கேயே நின்றுவிடின் காலப்போக்கில் அடியிலுள்ள உவர்நீர் நாற்பதடி மேலேறும். இயந்திரம் ஓயாது இறைக்கும் கிணற்றின் அடியிலே உவர்நீர் கூம்புபோல் எழும்பி வரும். பல இடங்களில் கோடைகால நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் சில அடியே நிற்பதை நினைத்தால் இக்கணக்கின் கடுமை விளங்கும். கிணறு ஒருமுறை உவர்த்தால் இயந்திரத்தை நிறுத்திய மறுநாளே இனித்துவிடாது. பல மாரிகள் அதனைக் கழுவ வேண்டும். ஆழமாய் வெட்டினால் நல்ல நீர் கிடைக்கும் என்று பிறநாட்டார் கூறலாம், வலிகாமத்தார் கூறலாகாது. இங்கே ஆழம் என்பது கடலின் திசை.

வெடிப்புள்ள கல் நீரை விரைந்து ஏற்பது போலவே அழுக்கையும் விரைந்து ஏற்கும். மணல் வடிகட்டுவதுபோல் அது வடிகட்டாது. தோட்டங்களில் இடும் யூரியாவும் மலகூடக் குழிகளின் கசிவும் நைத்திரேற்றாகிக் கிணறுகளைச் சேர்கின்றன. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பல அவ்வெல்லையைக் கடந்துள்ளன. பால்மாக் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வாயுவைக் கொண்டுசெல்லமாட்டாது நீலம் பாய்வதற்கு இது காரணமாகலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது, நீர் வற்ற வற்றச் செறிவே கூடும். சுன்னாகத்திலே கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்த செய்தியை மறந்தார் இலர். அது உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019இலே மின்னிலையக் கம்பனி ஒன்று இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளிக்கப்பட்டது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்காக 1950 முதல் 1990வரை அகழ்ந்த கற்குழிகளும் கீரிமலைக்கு அயலிலேயே கிடக்கின்றன. மழைநீரைத் தேக்கும் பாத்திரமும் வடிக்கும் சல்லடையும் சீமெந்தின் மூலப்பொருளும் ஒரே கல்லாக வாய்த்தமை இந்நிலத்தின் ஊழ்.

கீரிமலையில் இரவும் பகலும் கடலில் விழும் நீரைக் கண்டு, “இதனை அணைகட்டித் தடுத்துத் தோட்டங்களுக்குத் திருப்பினால் என்ன?” என்று கேட்போர் பலர். நியாயமான வினா. ஆயின் அந்நீர் வீண்போகின்றது என்பது கண்ணின் தீர்ப்பு மாத்திரமே. நன்னீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் உவர்நீர் அவ்வழியே உள்ளே நுழையமாட்டாது. வெளியேறும் நீர், வாயிலிலே நிற்கும் காவலாளன். ஊற்றுவாயிலே பெரிய இயந்திரங்களை நிறுத்தி உறிஞ்சினால், சில நாள் நன்னீரும் பின்னர்க் கடல்நீருமே வந்து சேரும். தடுக்கத்தக்கது கரையிலன்று, மழை விழும் இடத்திலே: தூர்ந்துபோன ஊர்க்குளங்களிலும் வழுக்கியாற்றின் படுகையிலும். பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த யாழ்ப்பாண ஆற்றுத்திட்டமும் இத்தகைய கருத்தையே பெரிய அளவில் கொண்டது. ஆனையிறவு, வடமராட்சிக் கடனீரேரிகளில் மழைநீரைத் தேக்கி நன்னீராக்கினால் நிலத்தடி வில்லையும் தடிக்கும் என்பது அவர் எண்ணம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடல்நீரைத் தடுக்கும் கதவுகள் அமைந்தன. திட்டம் முழுமை பெறவில்லை. 2024இலே தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கதிரவன் கூலியின்றிச் செய்யும் அவ்வேலைக்கு அங்கே மின்சாரக் கட்டணம் செலுத்தவேண்டியிருக்கின்றது.

கேணியின் நீர்மட்டத்தை அளத்தற்கு அரிய கருவி எதுவும் வேண்டா. அங்குலம் குறித்த ஒரு கோலும் மணிக்கூடும் குறிப்பேடும் போதும். ஒருநாள் முழுதும் மணிக்கு ஒருமுறை அளந்து கடலின் வற்றுப்பெருக்கோடு ஒப்பிடலாம். மார்கழி அளவையும் ஆவணி அளவையும் ஒப்பிட்டு மழையின் பங்கை அறியலாம். கடலின் ஏற்றவிறக்கம் அமாவாசையிலும் பூரணையிலுமே பெரிது. ஆதலின் அந்நாட்களே அளத்தற்குச் சிறந்தவை. ஆடி அமாவாசை ஒன்றை மட்டும் விலக்குக. அன்று பிதிர்க்கடன் தீர்க்க இறங்குவோர் தொகையாலேயே நீர்மட்டம் ஏறும். அதற்கு விளக்கம் கூறுபவர் ஆர்க்கிமிடீசு.